கையெழுத்துப் போடாத இசைக்குழு

காகிதத்தில் ஒப்பந்தம் இல்லை, உறையில் பெயர் இல்லை, முதலில் பாடவும் ஆளில்லை. மான்செஸ்டரின் நியூ ஆர்டர் பிறந்த கதையும், அந்தச் சுதந்திரத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும்.

1980 செப்டம்பர். நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் வாசலில் ராத்திரி நிறுத்திய வண்டி, விடிந்தபோது அங்கே இல்லை. கிட்டார், ஆம்ப்ளிஃபயர், டிரம்ஸ் என்று குழுவின் சாமான் கிட்டத்தட்ட எல்லாமே அதோடு போயிற்று. அமெரிக்காவுக்கு அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. நான்கு மாதத்துக்கு முன்புதான் பாடகரைப் பறிகொடுத்திருந்தார்கள். குழுவின் பெயர் புதிது. மிச்சமிருந்த மூன்று பேரில் யார் பாடுவது என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை. மூவரில் ஒருவருக்கும் இருபத்தைந்து வயது ஆகவில்லை.

வாடகைக்குக் கருவிகள் எடுத்து, ஒப்புக்கொண்ட கச்சேரிகளை வாசித்துக்கொடுத்துவிட்டு மான்செஸ்டர் திரும்பினார்கள். அடுத்த மாதம் நான்காவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். 1983 மார்ச்சில் அந்த நால்வரும் வெளியிட்ட ‘புளூ மண்டே’, பிரிட்டனில் அதிகம் விற்ற பன்னிரண்டு அங்குல சிங்கிள் இசைத்தட்டு என்ற இடத்தைப் பிடித்தது. ராக் குழு என்றால் என்ன, டான்ஸ் இசை என்றால் என்ன என்று அதுவரை இருந்த வேலி அதற்குப் பிறகு நிற்கவில்லை.

வண்டி தொலைந்ததிலிருந்து அந்தப் பாட்டு வரைக்கும் இரண்டரை வருடம். அந்த இரண்டரை வருடம் அவர்களை யாரும் விரட்டவில்லை. ‘ஹிட் எங்கே?’ என்று கேட்க மேலாளர் அறை கிடையாது. அவர்கள் இருந்தது ஃபேக்டரி என்ற சின்ன உள்ளூர்க் கம்பெனியில். அங்கே வழக்கமான எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. லாபத்தில் ஆளுக்குப் பாதி. பாட்டு பாடியவனுக்கே சொந்தம். சுயாதீன இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கனவு காணும் ஏற்பாடு இது. அது நிஜமாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஆர்டரைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நல்லதும் கெட்டதும் இரண்டுமே அதில் இருக்கின்றன.

மே 18-க்கு முன்னும் பின்னும்

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவினர் வாசித்தார்கள். சால்ஃபோர்டில் ஒன்றாகப் படித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் அந்தச் சின்னக் கூட்டத்தில் இருந்தார்கள். இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும் என்று வெளியே வந்து குழு ஆரம்பித்தார்கள். பாட இயன் கர்ட்டிஸ் வந்தார். டிரம்ஸுக்கு மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து ஸ்டீபன் மோரிஸ் வந்தார். அதுதான் ஜாய் டிவிஷன். 1979-இல் முதல் ஆல்பம் வந்து, பெயர் பரவத் தொடங்கியது. கர்ட்டிஸுக்கு வலிப்பு நோய். மேடையிலேயே வலிப்பு வந்த ராத்திரிகள் உண்டு. 1980 மே 18 அன்று, குழு அமெரிக்கா கிளம்புவதற்கு முதல் நாள், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23.

நால்வரில் ஒருவர் போனாலும் பெயரை விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்குள் பேச்சு இருந்தது. பேச்சுப்படியே விட்டார்கள். ஜாய் டிவிஷன் என்ற பெயருக்கு அப்போது சந்தையில் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த சிங்கிள் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது. அந்த நேரத்தில் அந்தப் பெயரைக் கைவிடச் சாதாரண மனசு போதாது.

ஜூலை 29 அன்று மான்செஸ்டரின் பீச் கிளப்பில் பெயரில்லாமலேயே மூவரும் மேடையேறினார்கள். பிறகு மேனேஜர் ராப் கிரெட்டன், கம்பூச்சியா பற்றிய பத்திரிகைக் கட்டுரை ஒன்றிலிருந்து ‘நியூ ஆர்டர்’ என்ற பெயரை எடுத்துவந்தார். அது நாஜிகளும் பயன்படுத்திய சொல். பழைய பெயரும் வதைமுகாம் கதை ஒன்றிலிருந்து வந்ததுதான். இரண்டாவது முறையும் இப்படி ஒரு பெயரா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. குழு பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பேட்டி கொடுக்காமல் இருப்பது அவர்களுடைய உரிமை. ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் செத்துப்போன மனிதர்கள் இருக்கிறார்கள்.

தோற்க ஒரு அவகாசம்

மூன்று பேரும் முறைவைத்துப் பாடிப் பார்த்தார்கள். முதல் சிங்கிளான ‘செரிமனி’, கர்ட்டிஸ் இருந்தபோதே உருவான பாட்டு. வரிகள் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. பயிற்சியின்போது பதிவான ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காதால் பிடித்து எழுத வேண்டியிருந்தது. போன நண்பரின் குரலைக் கேட்டு அவர் என்ன பாடினார் என்று ஊகித்து, அதையே தாங்கள் பாடுவது எப்பேர்ப்பட்ட வேலை!

கடைசியில் பாடும் பொறுப்பு சம்னரிடம் வந்தது. கிட்டார் வாசித்தபடியே பாட அவருக்குச் சிரமமாக இருந்தது. அதனால் மோரிஸின் காதலி ஜில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். கீபோர்டும் கிட்டாரும் அவர் பங்கு. கைதேர்ந்த வெளியாளைத் தேடாமல் பக்கத்திலேயே இருந்த ஒருவரைக் கூப்பிட்டது கிரெட்டனின் யோசனை. 1980 அக்டோபரில் நால்வர் ஆனார்கள்.

சம்னர் பாடும்போது கிட்டாரை நிறுத்திவிடுவார். பாடாத இடத்தில்தான் வாசிப்பார். அதனால் பாட்டுக்குள் நிறைய இடம் காலியாக விழுந்தது. அந்த இடத்தை ஹுக்கின் பேஸ் கிட்டார் எடுத்துக்கொண்டது. ஹுக்கோ ஜாய் டிவிஷன் காலத்திலிருந்தே பேஸை மேல் ஸ்தாயியில் வாசிக்கிறவர். பழைய ஆம்ப்ளிஃபயரில் கீழ் சுரங்கள் சம்னரின் கிட்டார் சத்தத்தில் அமுங்கிப்போனதால் மேலே ஏறிப் பழகியவர். இப்படி ஒருவருடைய இயலாமையும் இன்னொருவருடைய மட்டமான ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்துதான், பிறகு உலகம் முழுக்கக் காப்பியடித்த அந்த ஒலி உருவானது.

1981 நவம்பரில் முதல் ஆல்பம் ‘மூவ்மென்ட்’ வந்தது. தயாரித்தவர் மார்ட்டின் ஹேனட், ஜாய் டிவிஷனின் ஒலியைச் செதுக்கியவர். கர்ட்டிஸின் மரணம் அவரையும் உடைத்திருந்தது. பதிவுக்கூடத்தில் அவருக்கும் குழுவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆல்பத்தைக் கேட்டால் இன்றும் அது தெரிகிறது: குரல் கூச்சத்தோடு பின்னால் நிற்கிறது, பாடுகிறவர் கர்ட்டிஸின் நிழலில் இருக்கிறார். விமர்சனங்களும் சூடாக வரவில்லை.

பெரிய கம்பெனியாக இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஃபேக்டரியில் அடுத்த பதிவு எப்போது என்றுகூட யாரும் கேட்கவில்லை. குழு ஹேனட்டை விட்டுவிட்டுத் தங்கள் இசையைத் தாங்களே தயாரிக்க ஆரம்பித்தது. 1982-இல் வந்த ‘டெம்ப்டேஷன்’ பாட்டில்தான் நியூ ஆர்டர் தன் சொந்தக் குரலில் முதல் தடவை பேசுகிறது.

■ பெட்டிச் செய்தி: எல்லாவற்றுக்கும் ஒரு எண்

ஃபேக்டரி கம்பெனியை நடத்தியவர்களில் முன்னணியில் இருந்தவர் டோனி வில்சன், கிரனாடா டி.வி.யில் செய்தி வாசித்தவர். இசைத்தட்டுக்கு மட்டும் அல்ல, கம்பெனி சம்பந்தப்பட்ட எதற்கும் வரிசை எண் கொடுப்பது அங்கே வழக்கம்.

ஃபேக் 1: ஒரு சுவரொட்டி
ஃபேக் 51: ஹசியெண்டா கிளப்
ஃபேக் 61: ஹேனட் கம்பெனிமேல் போட்ட வழக்கு
ஃபேக் 73: ‘புளூ மண்டே’
ஃபேக் 191: கிளப்பில் வளர்ந்த பூனை
ஃபேக் 501: 2007-இல் காலமான வில்சனின் சவப்பெட்டி

சால்டரிங் கம்பியும் ஒட்டிய தாள்களும்

நியூயார்க் வண்டியைப் பறித்துக்கொண்டாலும் வேறொன்றைக் கொடுத்தது. அங்கே போகும்போதெல்லாம் டான்ஸ்டீரியா, பாரடைஸ் கராஜ், ஃபன்ஹவுஸ் என்று கிளப் கிளப்பாகச் சுற்றினார்கள். மான்செஸ்டர் பங்க் பையன்களுக்கு டிஸ்கோ என்றால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நியூயார்க்கில் அது கரைந்தது. மெஷின் போடும் தாளம், கூட்டத்தின் உடம்புக்குள் இறங்குவதை நேரில் பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்தைக் கொண்டுவரும் கருவிகள் அப்போது எளிதில் வாங்கக்கூடிய விலையில் இல்லை. சம்னர் அவற்றைத் தானே பூட்டினார். பவர்ட்ரான் என்ற கம்பெனி சிந்தசைஸரை உதிரிப் பாகங்களாக விற்றது. சர்க்யூட் பலகையும் பாகங்களும் வரும். சால்டரிங் செய்து இணைப்பது வாங்கியவர் வேலை. ஜாய் டிவிஷன் காலத்திலேயே ஒரு சிந்தசைஸரை அப்படிச் செய்தவர், பிறகு அதே கம்பெனியின் சீக்வென்ஸரையும் கட்டினார். சீக்வென்ஸர் என்பது சுர வரிசையை நினைவில் வைத்துத் தானாகத் திருப்பி வாசிக்கும் பெட்டி.

சிக்கல் இதற்கு மேல்தான் வந்தது. தாளத்துக்கு ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின், பேஸுக்கு மூக் சோர்ஸ் சிந்தசைஸர், நடுவில் வீட்டில் செய்த சீக்வென்ஸர். ஆளுக்கொரு மொழி பேசும் கருவிகள். வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் ‘மிடி’ என்ற பொது முறை 1983-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே இவற்றை ஒரே காலப்பிரமாணத்தில் ஓடவைக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் இடையில் ஒரு இணைப்புச் சுற்றைச் செய்துகொடுத்தார். அதுவும் மேடைச் சூட்டில் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது.

கச்சேரி முடிந்தபின் கூட்டம் ‘இன்னொன்று’ என்று கத்தினாலும் இவர்கள் திரும்ப மேடைக்கு வரமாட்டார்கள். பட்டனைத் தட்டிவிட்டால் மெஷினே வாசிக்கிற மாதிரி ஒரு பாட்டு இருந்தால் என்ன என்ற யோசனை ‘புளூ மண்டே’யின் விதைகளில் ஒன்று. டோனா சம்மர், சில்வெஸ்டர் போன்றோரின் டிஸ்கோ தட்டுகளிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதைக் குழுவினர் மறைத்ததில்லை. பாட்டில் வரும் தேவாலயக் குழுப்பாடல் போன்ற ஒலி, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் தட்டிலிருந்து சாம்பிளரில் பிடித்தது.

சுர வரிசையை மெஷினில் ஏற்றும் பொறுப்பு கில்பர்ட்டுடையது. திரையும் மவுஸும் இல்லாத காலம். எந்தப் படியில் எந்தச் சுரம் என்று தாள்களில் எழுதி, தாளோடு தாளை ஒட்டி நீளமாக்கி, அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். அதில் ஒரு சுரம் விட்டுப்போயிற்று. அதனால் சீக்வென்ஸரின் மெட்டு தாளத்திலிருந்து இம்மி விலகி நிற்கிறது. திருத்தாமல் விட்டார்கள். பாட்டைக் கேட்கும்போது மெஷினுக்கு நரம்பு இருப்பதுபோல ஒரு பதற்றம் உள்ளே ஓடுகிறதே, அதற்கு அந்த விலகல்தான் காரணம் என்பது என் எண்ணம். டிரம் மெஷினில் முதலில் ஏற்றிவைத்த தாளமும் ஒரு தடவை மின்வயர் பிடுங்கிக்கொண்டதில் அழிந்துபோய், மறுபடி உட்கார்ந்து உண்டாக்கினார்கள் என்று ஹுக் சொல்லியிருக்கிறார்.

லண்டனில், பிங்க் ஃபிளாய்டு அமைத்த பிரிட்டானியா ரோ பதிவுக்கூடத்தில் அது பதிவானது. ஏறத்தாழ ஏழரை நிமிடம். குரல் வருவதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பல்லவி என்று ஒன்று கிடையாது. ரேடியோவுக்கென்று வெட்டிச் சுருக்கவும் இல்லை.

மார்ச் 31 அன்று பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்குப் போனார்கள். மற்றக் குழுக்கள் பதிவான பாட்டுக்கு உதட்டை அசைத்துவிட்டுப் போகும். இவர்கள் நேரடியாகத்தான் வாசிப்போம் என்று நின்றார்கள். சத்தம் சொங்கியாக வந்தது. அந்த நிகழ்ச்சியில் வந்தால் விற்பனை ஏறும் என்பது வழக்கம், இவர்களுக்கு இறங்கியது. ஆனாலும் பாட்டு சாகவில்லை. கோடை முழுக்கக் கிளப்புகளில் ஓடி, அக்டோபரில் பட்டியலின் ஒன்பதாம் இடத்துக்கு ஏறிவந்தது.

■ பெட்டிச் செய்தி: விற்க விற்க நஷ்டமா?

‘புளூ மண்டே’ உறையை வடிவமைத்தவர் பீட்டர் சேவில், கம்பெனியின் பங்காளிகளில் ஒருவர். அக்காலக் கம்ப்யூட்டர் ஃபிளாப்பி டிஸ்க் ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி ஓட்டைகள் வெட்டிய கறுப்பு உறையைச் செய்தார். குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்தில் இல்லை, ஓரத்தில் வண்ணக் கட்டங்களாகச் சங்கேதத்தில் இருந்தன. அச்சுச் செலவு அதிகமானதால் தட்டு ஒவ்வொன்றிலும் சில பென்ஸ் நஷ்டம் என்று வில்சன் சொல்லிவந்தார். தொகை ஆளுக்கு ஆள் மாறும்; நஷ்டமே இல்லை என்போரும் உண்டு. பிறகு வந்த பதிப்புகளில் ஓட்டை இல்லாத மலிவான உறை போட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

பாட்டு சம்பாதித்தது, கிளப் தின்றது

வந்த பணம் எங்கே போனது? மான்செஸ்டர் விட்வொர்த் தெரு மேற்கில் இருந்த ஒரு கட்டடத்துக்குள் போனது.

நியூயார்க்கில் பார்த்த மாதிரி நம் ஊரிலும் ஒரு இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கிரெட்டன். முன்பு உல்லாசப் படகுகள் விற்ற கட்டடத்தை எடுத்து, பென் கெல்லி என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு 1982 மே 21 அன்று ஹசியெண்டாவைத் திறந்தார்கள். மஞ்சள், கறுப்புப் பட்டை போட்ட தூண்கள், தொழிற்சாலை போன்ற பெரிய கூடம். ஃபேக்டரியும் நியூ ஆர்டரும் சேர்ந்து போட்ட முதல். அந்தப் பணத்துக்கு ஃபேர்லைட் என்ற கம்ப்யூட்டர் இசைக்கருவி வாங்கித் தாருங்கள் என்று கேட்டவர் ஹேனட். கிடைக்காதபோது அவர் வழக்குத் தொடர்ந்தார். கடைசியில் சமரசம் ஆயிற்று.

கிரெட்டன் குழுவின் மேனேஜர். அதே சமயம் ஃபேக்டரியின் பங்காளி. குழுவுக்காகக் கம்பெனியிடம் கணக்குக் கேட்க வேண்டியவர், கம்பெனியின் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாணயத்தை நான் சந்தேகப்படவில்லை. ஊர்மேல் அவர் வைத்த பாசம் உண்மையானது. ஆனால் நால்வரின் பணத்தைக் காப்பாற்ற அந்த மேஜையைச் சுற்றி ஒருவரும் இல்லை. நாடெங்கும் கிளப்புகளில் அவர்களுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, நால்வரும் மேனேஜரிடம் வாரச் சம்பளம் வாங்கிக் காலம் தள்ளினார்கள். கிளப்போ முதல் சில வருடம் பல ராத்திரிகள் காலியாகவே கிடந்தது. சத்தம் எதிரொலிக்கும் கூடம், குளிரடிக்கும் தளம்.

1980-களின் பிற்பாதியில் சிகாகோவின் ஹவுஸ் இசை வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது. மைக் பிக்கரிங் போன்ற டீஜேக்கள் அதை அங்கே ஊன்றினார்கள். 1988-இல் ஹசியெண்டா வாசலில் வரிசை தெருவைச் சுற்றி நின்றது. ‘புளூ மண்டே’ விதைத்த விதை, அதன் பணத்தில் ஓடிய கூடத்திலேயே முளைத்தது. கெமிக்கல் பிரதர்ஸ் ஆகப்போகும் இரண்டு இளைஞர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததில் அந்த இசைக்கும் பங்குண்டு.

கூட்டம் வந்தும் பணம் வரவில்லை. எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை போட்டு ஆடியவர்கள் மது வாங்கவில்லை, தண்ணீர்தான் குடித்தார்கள். கிளப்பின் வருமானமோ மது விற்பனையை நம்பியிருந்தது. மாத்திரைக்குப் பின்னால் தாதா கும்பல்கள் வந்தன, துப்பாக்கி வந்தது. 1989-இல் 16 வயதுப் பெண் ஒருவர் அங்கே மாத்திரை எடுத்து உயிரிழந்தார். அந்தச் சாவைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1997-இல் கிளப் மூடப்பட்டது. கட்டடத்தை இடித்து, அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஒரு கிளப்பை எப்படி நடத்தக்கூடாது என்றே தலைப்பில் வைத்து ஹுக் பிறகு ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

ரத்தத்தில் எழுதிய தாள்

1992 நவம்பரில் ஃபேக்டரி திவாலானது. புதிய அலுவலகக் கட்டடம், மதுக்கூடம், ஹேப்பி மண்டேஸ் குழு பார்படாஸ் தீவுக்குப் போய்ச் செய்த செலவு மிகுந்த பதிவு, தாமதமான நியூ ஆர்டர் ஆல்பம் என்று காரணங்கள் பல. அதற்கு முன்பே லண்டன் ரெக்கார்ட்ஸ் ஃபேக்டரியை வாங்கப் பேச்சு நடத்தியது. அவர்கள் எதிர்பார்த்த சொத்து ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் பாடல்கள்தான்.

அப்போதுதான் ஒரு பழைய தாள் முக்கியமானது. ஆரம்ப நாட்களில் வில்சன் தன் ரத்தத்தால் எழுதியது என்று சொல்லப்படும் தாள் அது. இசைஞர்களுக்கே எல்லாம் சொந்தம், கம்பெனிக்கு எதுவும் சொந்தமில்லை, விருப்பப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வாங்க வந்தவர்களுக்கு ஃபேக்டரியிடம் வாங்க ஒன்றும் இல்லை. அவர்கள் நேராகக் குழுவோடு பேசினார்கள். 1993-இல் ‘ரிப்பப்ளிக்’ ஆல்பம் லண்டன் ரெக்கார்ட்ஸ் மூலம் வந்தது. பத்து வருட வருமானத்தைத் தின்ற அதே ஏற்பாடு, கடைசியில் பாட்டுகளை மட்டும் பத்திரமாக அவர்கள் கையில் வைத்துவிட்டுப் போயிற்று. வில்சனுக்கு அந்தத் தாளால் தனிப்பட்ட முறையில் பெரிய இழப்பு. ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து அவர் மாறவில்லை. இசைத் தொழிலின் வரலாற்றில் இப்படி நடந்துகொண்ட முதலாளிகள் மிகக் குறைவு. அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எழுதி வைக்காத பாக்கி

கம்பெனிக்கும் குழுவுக்கும் இடையிலாவது ஒரு தாள் இருந்தது. நால்வருக்குள் என்ன இருந்தது?

ஒருவர் போனாலும் பெயரை விட்டுவிடுவோம் என்ற 1980-இன் வாய்ப்பேச்சு, அடுத்த குழுவுக்கும் பொருந்துமா என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. 2007-இல் ஹுக் விலகினார். குழு முடிந்துவிட்டது என்றே அவர் கருதினார். 2011-இல் சம்னரும் மோரிஸும், இடையில் விலகியிருந்த கில்பர்ட்டும், வேறொரு பேஸ் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்டர் என்ற பெயரிலேயே மேடையேறினார்கள். சால்ஃபோர்டில் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு பேர் வக்கீல் மூலம் பேசும் நிலை வந்தது. பெயரிலும் வருமானத்திலும் தனக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று 2015-இல் ஹுக் வழக்குத் தொடர்ந்தார்.

1980-இல் விட்ட பெயருக்கு மதிப்பு அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. 2011-இல் அந்தப் பெயரோடு உலகச் சுற்றுப்பயணங்களும், மற்றவர்களின் பிழைப்பும், தலைமுறை தாண்டிய ரசிகர்களும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ‘தி கில்லர்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு தன் பெயரையே நியூ ஆர்டர் வீடியோ ஒன்றில் வந்த கற்பனைக் குழுவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அந்த அளவுக்கு இந்தப் பெயர் வேர்விட்டிருந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கமும் வலி நிஜம்.

2017-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஹுக் ‘தி லைட்’ என்ற தன் சொந்தக் குழுவோடு ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் ஆல்பங்களை ஊர் ஊராக வாசிக்கிறார். மற்றவர்கள் நியூ ஆர்டராக அதே பாட்டுகளை வேறு மேடைகளில் வாசிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கூட்டம் நிரம்புகிறது.